டால்ஸ்டாய் பண்ணைக்குப் பூமாலை மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

தென்னாப்பிரிக்காவில் காந்தி நடத்திய டால்ஸ்டாய் பண்ணை பற்றிய உங்கள் கட்டுரையில் செங்கல் ஆலை, சிலைகள், புதுப்பிப்பு வேலை எல்லாம் இருந்தன. அங்கே என்ன கற்றுக்கொடுத்தார்கள் என்பது மட்டும் விட்டுப்போயிற்று. முப்பது வருஷம் கைத்தொழில் ஆசிரியராக இருந்த எனக்கு அது உறுத்தாமல் இருக்குமா?

1910-இல் காந்தியின் நண்பர் காலன்பாக் தம் 1,100 ஏக்கரை வாடகை வாங்காமல் காந்தியிடம் விட்டார். சிறைக்குப் போன சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் தங்கத்தான் அந்த இடம். வந்தவர்களில் தமிழர்கள் நிறைய. ஊற்று தள்ளி இருந்ததால் காவடி கட்டித் தண்ணீர் சுமந்தார்கள். காலன்பாக் கட்டடக் கலைஞர். ஆனாலும் மரியன்ஹில் கிறிஸ்தவ மடத்துத் துறவிகளிடம் போய்ச் செருப்புத் தைக்கப் படித்து வந்தார். அவரிடம் காந்தி கற்றார், காந்தியிடம் மற்றவர்கள். செருப்புத் தைப்பவரைச் சேரிக்கு அனுப்பிய ஊர்களிலிருந்து போனவர்கள் அங்கே உட்கார்ந்து தோல் அறுத்திருக்கிறார்கள்! தச்சுவேலையும் நடந்தது.

பள்ளிக்கூடம் இன்னும் வேடிக்கை. தமிழ்ப் பிள்ளைகளுக்கு எழுத்தே தெரியாது. ஜி.யு. போப் எழுதிய தமிழ்க் கையேட்டைத் தாண்டாத காந்திதான் எழுத்தும் கொஞ்சம் இலக்கணமும் சொல்லிக்கொடுத்தார். இங்கிலீஷ் தெரியாத தமிழர் யாராவது அவரைப் பார்க்க வந்தால் அந்தப் பிள்ளைகளே வாத்தியாருக்கு மொழிபெயர்ப்பாளர்கள்.

பிற்பாடு அந்த நிலத்தில் செங்கல் ஆலை வந்தது. தகரமும் மரமுமாக இருந்த வீடு கொஞ்சம் கொஞ்சமாகக் களவு போய் அஸ்திவாரம்தான் மிஞ்சியது. ஆலையை நான் குறைசொல்லவில்லை. செங்கல் அறுப்பதும் தொழில்தானே. நான் வேலை பார்த்த பள்ளியின் தச்சு அறை, நான் ஓய்வுபெற்ற மறு வருஷமே உடைந்த பெஞ்சு அடுக்கும் இடமாகிவிட்டது. அங்கே ஆலை வைக்கக்கூட ஆள் வரவில்லை.

சரி, சிலைகள் இருக்கட்டும். பக்கத்திலேயே சுற்றுவட்டாரப் பிள்ளைகளுக்கு ஒரு தச்சுப் பட்டறையும் தோல்வேலைக் கொட்டகையும் போட்டால் என்ன? ஆயிரம் பழமரம் நின்ற நிலத்தில் பத்து ஆரஞ்சுக் கன்றாவது வைக்கலாம். அங்கே போகும் தமிழ் அமைப்புகள் மாலையோடு நாலு உளியும் ரெண்டு இழைப்புளியும் கொண்டுபோகட்டும். உளியைத் தீட்டிக் கொண்டுபோகச் சொல்லுங்கள். கடையில் வாங்கினபடியே எந்த உளியும் வெட்டாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கைத்தொழில் ஆசிரியர் ஒருவர்