299 ரூபாய் கடலை எண்ணெயைப் பார்த்து விலையை இறக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மரச்செக்கு எண்ணெயை ஆன்லைனில் விற்கும் சிறு உற்பத்தியாளர்களிடையே இப்போது ஒரே பேச்சுதான்: "நாம் லிட்டர் 430 ரூபாய் போட்டிருக்கிற கடலை எண்ணெயை வேறு விற்பனையாளர்கள் எப்படி 299க்குத் தருகிறார்கள்?" கேட்ட கையோடு பலரும் தங்கள் விலையை 400க்கும் 380க்கும் இறக்கிவிடுகிறார்கள். இறக்கிய விலையை மறுபடி ஏற்றுவது எவ்வளவு சிரமம் என்பது பிறகுதான் தெரிகிறது. அதற்கு முன் ஒரு தாளை எடுத்து அடக்கவிலையை எழுதிப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கடிதம்.

மரச்செக்கில் ஒரு லிட்டர் கடலை எண்ணெய் எடுக்க ஏறக்குறைய 2.4 கிலோ நிலக்கடலைப் பருப்பு வேண்டும். நல்ல பருப்பானால் சற்றுக் குறையும், சுருங்கல் கலந்திருந்தால் கூடும். பருப்பு கிலோ 120 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 288 ரூபாய். கிடைக்கும் பிண்ணாக்கு 1.4 கிலோ, கிலோ 45 என்று விற்றால் 63 ரூபாய் திரும்பி வரும். மிச்சம் 225. ஆட்டுகூலி, மின்சாரம், வண்டல் கழிவுக்கு 15. பாட்டில், மூடி, லேபிளுக்கு 14. அட்டைப்பெட்டி, டேப், உள்ளே சுற்றும் தாளுக்கு 16. ஆக, பொட்டலம் வாசலைத் தாண்டும் முன்பே 270 ரூபாய். இந்த விலைகள் ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். அவரவர் எண்ணை அவரவர் போட்டுக்கொள்ளட்டும். கணக்கின் வரிசை மாறாது.

இனி விற்பனைத் தளம் எடுப்பது. கமிஷன் 8 சதவீதம், ஆர்டர் ஒன்றுக்கு நிலையான கட்டணம் 20, டெலிவரி 75 என்று கொள்வோம். 430க்கு விற்றால் இவை மூன்றும் சேர்ந்து 129 ரூபாய் சொச்சம். அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 23. கைக்கு வருவது 277. எண்ணெய்க்கு நாம் கட்ட வேண்டிய 5 சதவீத ஜிஎஸ்டியில், தளக் கட்டணத்துக்கு ஏற்கெனவே கட்டிய இந்த 23 ரூபாயைக் கழித்துக்கொள்ளலாம் என்பதால் அதைத் தனியாகக் கட்ட வேண்டியதில்லை. 277இல் அடக்கம் 270 போனால் நிற்பது 7 ரூபாய். நமக்குத் தரும் பணத்திலிருந்து தளம் பிடிக்கும் டிசிஎஸ் (ஜிஎஸ்டிக்கான பிடித்தம், 2024 ஜூலையிலிருந்து 0.5 சதவீதம்), டிடிஎஸ் (வருமான வரிக்கான பிடித்தம், 2024 அக்டோபரிலிருந்து 0.1 சதவீதம்) இரண்டும் கணக்குத் தாக்கலில் நமக்கே திரும்பி வருபவை. அவற்றைச் செலவில் எழுதக் கூடாது, தாக்கலில் கேட்டு வாங்க மறக்கவும் கூடாது.

இந்த நிலையில் 400க்கு இறக்கினால் என்ன ஆகும்? கமிஷனும் சற்றுக் குறைவதால் கைக்கு வருவது 250. அதாவது பாட்டிலுக்கு 20 ரூபாய் நஷ்டம். "நிறைய விற்றால் சரியாகிவிடும்" என்பார்கள். 20 ரூபாய் நஷ்டத்தில் நூறு பாட்டில் போனால் 2,000 ரூபாய் நஷ்டம், ஆயிரம் போனால் 20,000. அதில் சரியாவதற்கு ஒன்றுமில்லை.

இதே கணக்கை 299 ரூபாய்க்காரருக்கும் போட்டுப் பாருங்கள். அதே தளம், அதே கட்டணம் என்றால் அவர் கைக்கு வருவது ஏறத்தாழ 159 ரூபாய். அந்தப் பணத்தில் ஒரு லிட்டருக்கான பருப்பையே வாங்க முடியாது. அப்படியானால் அந்தப் பாட்டிலில் ஒரு லிட்டர் இல்லை, அல்லது அது மரச்செக்குக் கடலை எண்ணெய் இல்லை, அல்லது அவர் கைப்பணத்தைக் கரைக்கிறார், அல்லது நமக்குத் தெரியாத ஒரு சிக்கனம் அவரிடம் இருக்கிறது. எது என்று தெரியாமல் விலையில் கை வைக்கக் கூடாது. ஒரு பாட்டிலை நாமே ஆர்டர் செய்து வாங்கிப் பார்ப்பதுதான் முதல் வேலை. பில்லையும் பொட்டலத்தையும் தூக்கி எறியாதீர்கள்.

வந்ததும் லேபிளின் பின்பக்கத்தைப் படியுங்கள். ஒரு லிட்டர் கடலை எண்ணெய் சுமார் 910 கிராம். சமையல் எண்ணெயை எந்த அளவிலும் அடைக்கலாம் என்று விதி தளர்ந்த பிறகு 870, 850, 800 கிராம் பாட்டில்கள் வந்துவிட்டன. படத்தில் பார்த்தால் ஒரு லிட்டர் போலவே இருக்கும். 299 ரூபாய்க்கு 750 மில்லி என்றால் லிட்டர் ஏறக்குறைய 399 ஆகிறது. நம்முடைய 430க்கும் அதற்கும் வித்தியாசம் 131 அல்ல, 31தான். வாங்குபவருக்கு இது தெரிவதே இல்லை. எனவே நம் பொருள் பக்கத்தில் இரண்டாவது படமாக, தராசில் நிற்கும் பாட்டிலை வைத்து, "ஒரு லிட்டர், 910 கிராம், லிட்டருக்கு 430 ரூபாய்" என்று பெரிய எழுத்தில் போட வேண்டும். அடுத்தவர் பெயரை அங்கே இழுக்க வேண்டாம். இழுத்தால் வழக்கு நம்மீது திரும்பும்.

அளவு சரியாக இருந்தும் விலை அப்படித்தான் என்றால் சந்தேகம் எண்ணெயின்மேல் போகும். மூக்கையும் நாக்கையும் மட்டும் நம்பாதீர்கள். குளிர்பெட்டியில் வைத்து உறைகிறதா என்று பார்க்கும் சோதனையும் உதவாது. சுத்தமான கடலை எண்ணெயும் குளிரில் கலங்கிக் கெட்டிப்படும். கடலை எண்ணெய்க்கு பெல்லியர் கலங்கல் வெப்பநிலை (ஆய்வகத்தில் எண்ணெயை வேதிப்பொருள் கொண்டு பதப்படுத்திக் குளிர வைக்கும்போது கலங்கத் தொடங்கும் வெப்பநிலை) 39 முதல் 41 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்புத் தரம். பாமாயிலோ வேறு மலிவு எண்ணெயோ கணிசமாகக் கலந்தால் அந்த எண் நகரும். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி, வாங்கியவரே கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்கலாம். அறிக்கை கையில் வந்த பிறகு மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போவதே முறை. வெறும் சந்தேகத்தோடு வாட்ஸ்அப் குழுக்களில் கத்துவதால் பயனில்லை.

எண்ணெயும் அளவும் சரி, ஆனால் காலாவதி நெருங்குகிறது என்றால் அது தேங்கிய சரக்கைத் தள்ளும் விலை. ஆன்லைனில் உணவுப் பொருள் கைக்கு வரும்போது அதன் ஆயுளில் 30 சதவீதமோ காலாவதிக்கு 45 நாளோ மிஞ்சியிருக்க வேண்டும். அது மீறப்பட்டால் புகார் கொடுக்கலாம். மீறப்படவில்லை என்றால் சும்மா இருங்கள். அந்தச் சரக்கு தீர்ந்ததும் விலை தானே ஏறிவிடும்.

நம்மில் பலர் ஏற்க மறுக்கும் இன்னொரு காரணம் உண்டு: போட்டியாளர் நேர்மையாகவே நம்மைவிட மலிவாகச் செய்கிறார். எக்ஸ்பெல்லரில் (திருகி அழுத்திப் பிழியும் இரும்பு இயந்திரத்தில்) பிழிந்தால் பிண்ணாக்கில் 6 முதல் 8 சதவீதம் எண்ணெய்தான் மிஞ்சும். மரச்செக்குப் பிண்ணாக்கில் அதைவிடக் கூடுதலாகத் தங்கும். ஆகவே அவருக்கு லிட்டருக்குப் பருப்பு குறைவு. அவர் அதை எக்ஸ்பெல்லர் எண்ணெய் என்றே விற்றால் அவர்மேல் குறை சொல்ல முடியாது. ஆனால் நம் பிண்ணாக்கில் கூடுதலாகத் தங்கும் அந்த எண்ணெய்க்கு மாட்டுக்காரர்கள் கூடுதல் விலை தருவார்கள். பிண்ணாக்கை வியாபாரியிடம் மொத்தமாகத் தள்ளாமல் பால்மாடு வைத்திருப்பவர்களுக்கு நேராக விற்று, கிலோவுக்கு 5 ரூபாய் கூடுதலாகக் கிடைத்தாலே லிட்டர் எண்ணெயின் அடக்கம் 7 ரூபாய் இறங்கும். மேலே பார்த்த நம் மொத்த லாபமே 7 ரூபாய்தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பருப்பையும் வாரம் ஒரு மூட்டை என்று கடையில் வாங்காமல், அறுவடைக் காலத்தில் சேவூர், திண்டிவனம் போன்ற ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களின் ஏலத்தில் எடுப்பவருக்கு அடக்கம் தனிதான். ஈரம் 8 சதவீதத்துக்குக் கீழ் காயாத பருப்பை மட்டும் இருப்பு வைக்காதீர்கள். பூஞ்சை பிடித்தால் மலிவாக வாங்கிய மொத்தமும் குப்பைக்குத்தான் போகும்.

விலையைக் குறைக்கத்தான் வேண்டும் என்றால் குறைக்க வேண்டிய இடம் பெட்டி. கூரியர்காரர்கள் உண்மையான எடை, பெட்டியின் பருமன் எடை இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் காசு வாங்குகிறார்கள். நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுப்பது வழக்கம். 32, 20, 16 சென்டிமீட்டர் பெட்டியின் பருமன் எடை 2.05 கிலோ. உள்ளே இருக்கும் பாட்டிலும் பெட்டியும் சேர்ந்து 1.1 கிலோதான். அதே பாட்டிலை 32, 12, 12 சென்டிமீட்டர் பெட்டியில் வைத்தால் பருமன் எடை 0.92 ஆகிறது, பிறகு 1.1 கிலோவுக்கு மட்டும் கட்டினால் போதும். வாங்கும்போது இரண்டு ரூபாய் மலிவு என்று பெரிய பெட்டியை எடுத்து, ஒவ்வொரு ஆர்டரிலும் ஒரு கிலோ காற்றுக்கு டெலிவரி காசு கட்டுபவர்கள் நம்மில் ஏராளம்.

அதைவிடப் பெரிய மிச்சம் 5 லிட்டர் கேனில் இருக்கிறது. லிட்டர் 400 என்று 2,000 ரூபாய்க்குப் போடுங்கள். கமிஷன் 160, நிலையான கட்டணம் 40, டெலிவரி 210, இவற்றுக்கு ஜிஎஸ்டி சேர்த்து 484 போனால் வருவது 1,516. எண்ணெய் (பாட்டில், பெட்டி நீங்கலாக லிட்டர் 240 வீதம்) 1,200, கேனும் பெட்டியும் 100. எண்ணெய்க்கான ஜிஎஸ்டியையும் சரிக்கட்டிய பிறகு ஏறக்குறைய 195 ரூபாய் மிஞ்சும். லிட்டருக்கு 39. ஒரு லிட்டர் பாட்டிலில் 400க்கு விற்று 20 ரூபாய் இழப்பதும், கேனில் அதே 400க்கு விற்று 39 ரூபாய் சம்பாதிப்பதும் ஒரே எண்ணெய்தான். விலைச் சண்டையைப் பாட்டிலில் போடாதீர்கள். பாட்டிலை ருசி பார்க்க வருபவருக்காக 430இலேயே விட்டுவிட்டு, பழகிய வாடிக்கையாளரைக் கேனுக்கு நகர்த்துங்கள்.

ரிட்டர்ன் வரும் ஒவ்வொரு பாட்டிலும் பல நல்ல விற்பனைகளின் லாபத்தைத் தின்றுவிடும். பெரும்பாலும் காரணம் கசிவு. மூடிக்குக் கீழே இண்டக்‌ஷன் சீல் (பாட்டில் வாயில் சூட்டால் ஒட்டும் தகடு) இல்லாமல் எண்ணெயை அனுப்பவே கூடாது. கழுத்துவரை நிரப்பினால் சித்திரை வெயிலில் லாரிக்குள் எண்ணெய் விரிந்து சீலைத் தள்ளும். இரண்டு சென்டிமீட்டராவது இடம் விடுங்கள். மார்கழியில் வடமாநிலங்களுக்குப் போகும் எண்ணெய் கெட்டிப்பட்டு, வாங்கியவர் "கலப்படம்" என்று எழுதி ஒற்றை நட்சத்திரம் போடுவார். அடியில் நிற்கும் வண்டலுக்கும் அதே பழிதான். இரண்டையும் விளக்கும் ஒரு துண்டுச்சீட்டை இந்தியிலும் ஆங்கிலத்திலும் அச்சடித்து உள்ளே வையுங்கள். பொருள் கொடுத்துக் காசு வாங்கும் முறையில் வாசலிலிருந்து திரும்பும் பொட்டலங்கள் அதிகம் என்பதால், கேனுக்கு முன்கூட்டியே பணம் செலுத்துபவருக்கு 10 ரூபாய் தள்ளுபடி கொடுப்பது லாபமே.

விலையைத் தானாக மாற்றும் மென்பொருள் வைத்திருப்பவர்கள் அதில் குறைந்தபட்ச விலையை முதலில் நிரப்ப வேண்டும். அது இல்லாவிட்டால் இரண்டு விற்பனையாளர்களின் மென்பொருள்கள் ஒன்றையொன்று பார்த்து ஒரு ரூபாய், ஒரு ரூபாயாக இரவோடிரவாக இறங்கிக்கொண்டே போகும். பண்டிகைத் தள்ளுபடிக்கு அழைப்பு வந்தால் தள்ளுபடியில் தளத்தின் பங்கு எவ்வளவு, நம் பங்கு எவ்வளவு என்று படித்த பிறகே ஒப்புக்கொள்ளுங்கள். கலந்துகொண்டாலும் இருப்பில் ஒரு பகுதிக்கு மட்டும்.

உங்கள் பெயர், உங்கள் படம் உள்ள பக்கத்திலேயே வேறொருவர் வந்து உட்கார்ந்து குறைந்த விலைக்குப் போலியை விற்பதும் நடக்கிறது. வணிகச் சின்னம் பதிவு செய்யாதவர்களுக்கு அங்கே பிடிமானம் குறைவு. தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் இணையவழி விண்ணப்பக் கட்டணம் ஒரு வகைக்கு 4,500 ரூபாய். செக்குக்குப் பணம் போடும்போதே இதையும் போட்டுவிட வேண்டும். ஒவ்வொரு பாட்டிலிலும் ஆட்டிய தேதியும் தொகுதி எண்ணும் இருந்தால் போலியை ஒரே புகைப்படத்தில் நிரூபிக்கலாம்.

குறைந்த விலைக்கு விற்பதே குற்றம் என்று நினைத்துச் சிலர் புகார் எழுதுகிறார்கள். 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம், அடக்கத்துக்குக் கீழே விற்றுப் போட்டியை ஒழிப்பதைத் தடுப்பது சந்தையில் ஆதிக்கம் உள்ள நிறுவனத்துக்கு எதிராக மட்டுமே. நம்மைப் போன்ற இன்னொரு சிறு விற்பனையாளர்மேல் அது பாயாது. பாய்வது அளவு, லேபிள், கலப்படம் பற்றிய சட்டங்கள்தான். புகாரை அங்கே எழுதுங்கள்.

தங்கள் நாளிதழ் வழியாக இரண்டு கோரிக்கைகள். பொட்டலத்தில் கிராம், கிலோ, மில்லி அல்லது லிட்டர் ஒன்றுக்கு ஆகும் விலையை அச்சிட வேண்டும் என்று எடையளவு விதி சொல்கிறது. அந்த விலை ஆன்லைன் பக்கத்தில் பெரிய எழுத்து விலைக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் தெரிய வேண்டும். "விலை குறைவு முதலில்" என்ற வரிசையும் லிட்டர் விலையின்படி அமைய வேண்டும். தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தை அமல்படுத்தும் தொழிலாளர் துறை, கடைத்தெருவில் தராசைச் சோதிப்பதுபோல ஆன்லைனில் எண்ணெய் பாட்டில்களை ஆர்டர் செய்து வாங்கி எடை போட்டுப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
மரச்செக்கு எண்ணெய் விற்பனையாளர்கள் சிலர்,
காங்கயம்.