கொடி முடிச்சு குறித்த கோரிக்கை மனு

அனுப்புநர்:
தெருவாசிகள் சார்பில் ஒரு மூத்த குடிமகன்,
காசிமேடு, சென்னை.

பெறுநர்:
உயர்திரு மண்டல அலுவலர் அவர்கள்,
வட சென்னை.

பொருள்: சுதந்திர தினக் கொடிக்கு முடிச்சுப் போடத் தெரிந்தவரை நியமிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கடந்த ஆகஸ்ட் 15 அன்று காலை 8 மணிக்கு எங்கள் தெருமுனையில் நடக்க வேண்டிய கொடியேற்றம், சிறப்பு விருந்தினர் வந்து சேர்ந்த 9.20க்குத் தொடங்கியது. அது தொன்றுதொட்டு வரும் மரபு என்பதால் அதில் எங்களுக்குக் குறை ஏதுமில்லை. குறை முடிச்சில்தான்.

விருந்தினர் கயிற்றை இழுத்ததும் பூவிதழ் வைத்துக் கட்டிய கொடிப் பொட்டலம் கம்பத்தின் உச்சிக்குப் போய்விட்டது; ஆனால் எத்தனை முறை சுண்டியும் அவிழவில்லை. நாட்டுப்பண் முதலிலா கடைசியிலா என்று 2025 ஜனவரியில் சட்டமன்றத்திலேயே சர்ச்சை எழுந்த நாட்டில், எங்கள் தெருவில் 52 விநாடி நாட்டுப்பண் முதலிலும் கடைசியிலுமாக இரண்டு முறை பாடி முடிக்கப்பட்டும் கொடி பொட்டலமாகவே இருந்தது. வலது கையால் வணக்கம் செலுத்தியபடியே விருந்தினர் இடது கையால் கயிற்றோடு மல்லுக்கட்டிய அந்த நேரத்தில், தட்டிலிருந்த ஆரஞ்சு மிட்டாயில் பாதி குறைந்துவிட்டதையும் பதிவு செய்கிறேன்.

கடைசியில், கடலிலிருந்து திரும்பி வலையைத் தோளில் போட்டுக்கொண்டு அவ்வழியே போன மீனவர் ஒருவர் அண்ணாந்து பார்த்து, "உருவு முடிச்சு போடுறதுக்குப் பதிலா இறுக்கு முடிச்சு போட்டுட்டீங்களே சார்" என்று சொல்லி, பொட்டலத்தை இறக்கி மறுபடி கட்டிக் கொடுத்தார். ஒரே சுண்டில் பூவெல்லாம் விருந்தினரின் தலையில் கொட்டியது. அந்த மீனவருக்கு மிட்டாய் மிச்சமில்லை.

2002ஆம் ஆண்டின் இந்தியக் கொடி விதித் தொகுப்பு, கொடியை விரைந்து ஏற்றி நிதானமாக இறக்கச் சொல்கிறது. நாங்கள் முக்கால் மணி நேரம் ஏற்றி, அந்தக் கயிறு மாலையில் டீக்கடைத் தார்ப்பாய்க்குத் தேவைப்படுவதால் அரை நிமிடத்தில் இறக்குகிறோம். 2022 ஜூலைத் திருத்தப்படி பொதுமக்கள் இரவிலும் பறக்கவிடலாம் என்பதால் இறக்கவே வேண்டாம் என்று சிலர் யோசனை சொன்னார்கள். எங்கள் கடற்காற்றில் ஒரே வாரத்தில் கொடி நார்நாராகிவிடும், கிழிந்த கொடியைப் பறக்கவிடுவதோ விதிமீறல் என்று நான் மறுத்துவிட்டேன்.

ஆகவே, வரும் ஜனவரி 26 முதல் எங்கள் பகுதிக் கொடியைக் கட்டும் பொறுப்பை, நாள்தோறும் நூறு முடிச்சு போட்டு நூறையும் அவிழ்க்கும் மீனவர் ஒருவரிடம் ஒப்படைக்கவும், முந்தின நாள் மாலை ஒரு முறை இழுத்துப் பார்க்கவும், கொடிக்கம்பத்துக்கெனத் தனிக் கயிறு ஒன்று வழங்கவும், கயிறு கட்டுபவருக்கும் மிட்டாய் எடுத்து வைக்கவும் ஆவன செய்யுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்

இணைப்பு: வெட்டி எடுத்த பழைய கயிற்றுத் துண்டு 1 (முடிச்சு இன்னும் அவிழவில்லை).