பயிற்சி ஏன் பாளையங்கோட்டையோடு நின்றுவிடுகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி பக்கம் நெல் அறுப்பு வந்தாலே பாம்புக்கடிப் பயமும் வந்துவிடும். போன அறுப்பில் எங்கள் தெருக்காரர் ஒருவரை விரியன் கடித்து, ராத்திரியோடு ராத்திரியாக ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நர்ஸ் அம்மா பதறவே இல்லை. கொஞ்சம் ரத்தம் எடுத்து, காய்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, ஆட்டாமல் 20 நிமிடம் வைத்துச் சாய்த்துப் பார்த்தார். உறையவில்லை; விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்று அர்த்தமாம். டாக்டருக்குப் போன் போட்டு விஷமுறிவு மருந்தை ஏற்றினார்கள், ஆள் பிழைத்தார். பிளாஸ்டிக் குழாய் என்றால் நல்ல ரத்தமும் உறையாமல் ஏமாற்றுமாம். நரம்பைத் தாக்கும் விஷமுள்ள கட்டுவிரியன் கடித்திருந்தால் ரத்தம் உறைந்தாலும் நம்பக்கூடாதாம், கண் இமை தொங்குகிறதா என்று பார்க்க வேண்டுமாம். இதெல்லாம் எந்தப் பயிற்சியில் சொன்னார்கள் என்று கேட்டேன். "பயிற்சியா? முன்னாடி இருந்த டாக்டர் சொல்லிக் கொடுத்தது சார்" என்றார்.

அந்த டாக்டர் வேறு ஊருக்கு மாற்றலாகியிருந்தால்?

டாக்டர்கள் பதிவைப் புதுப்பிக்க 5 ஆண்டுக்கு 30 மணி நேரத் தொடர்கல்வி காட்ட வேண்டும். அதைப் பெரிய ஓட்டல் மாநாட்டில் உட்கார்ந்தே தேற்றிவிடலாம், சரி, போகட்டும். நர்ஸ், மருத்துவக் கல்லூரி இருக்கும் பாளையங்கோட்டைக்குப் பயிற்சிக்குப் போனால் இங்கே இரவுப் பணியை யார் பார்ப்பது? 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. திருநெல்வேலி மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர்கள் மாதம் ஒருமுறை சுகாதார நிலையங்களைத் தேடி வரக்கூடாதா? அறுப்புக்கு முந்தைய மாதம் பாம்புக்கடியிலிருந்தே தொடங்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கல்லிடைக்குறிச்சி