கிரவுன் பினியனை நாமே மாற்றலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

லாரியின் பின் ஆக்சில் பல்சக்கரங்களை (பினியன் என்ற சிறு சக்கரத்தையும், அது சுழற்றும் கிரவுன் என்ற பெரிய சக்கரத்தையும்) உரிமையாளரே மாற்றிக்கொள்ளலாம் என்றும், கைப்பழக்கமும் உதவிக்கு ஓர் ஆளும் இருந்தால் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும் என்றும் தங்கள் நாளிதழின் வாகனப் பகுதியில் எழுதப்பட்டிருந்தது. அந்த வேலையை ஒருமுறை நானே செய்து, பாதியைக் கெடுத்து, மீதியைக் கற்றுக்கொண்டவன் என்ற முறையில் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன். சொந்தக் கையால் செய்யவே கூடாது என்று நான் கருதவில்லை. ஆனால் கட்டுரையாளர் கழற்றி மாட்டுவதை விரிவாக எழுதிவிட்டு, பற்கள் சரியாகச் சேரும்படி அளவு வைப்பதை ஒரே வரியில் கடந்துவிட்டார். இந்த வேலையின் பெரும்பகுதி அந்த ஒரு வரிக்குள்தான் இருக்கிறது.

கழற்றுவது உண்மையில் அவ்வளவு கடினமன்று. பெரும்பாலான கனரக லாரிகளில் சக்கரத்தின் பாரத்தை ஹப் பேரிங்குகளே தாங்குவதால், சக்கரத்தைக் கழற்றாமலேயே அதைச் சுழற்றும் தண்டான ஆக்சில் ஷாப்டை வெளியே உருவிவிடலாம். கியர்பாக்ஸிலிருந்து சுழற்சியைக் கொண்டுவரும் புரொப்பல்லர் ஷாப்டைப் பிரித்தபின், அந்தச் சுழற்சியை இரு பக்கச் சக்கரங்களுக்கும் பகிர்ந்து தரும் டிபரன்ஷியல் முழுவதும் ஒரே தொகுதியாக ஹவுசிங் என்ற ஆக்சில் உறையிலிருந்து வெளியே வரும். அது இருவர் கையில் அடங்கும் எடையன்று. அதற்கென உள்ள ஜாக் இல்லாமல் தொடவே கூடாது. இன்னொன்றையும் கட்டுரை சொல்லாமல் விட்டது: வண்டியைக் கியரில் போட்டு நிறுத்தியதை மட்டும் நம்பியிருந்தால், ஷாப்டை உருவியதும் அந்தப் பிடிப்பு அற்றுப்போய் வண்டி உருளத் தொடங்கும். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பிறகே ஸ்பானரை எடுக்க வேண்டும்.

பல்சக்கரம்தான் கெட்டதா என்பதை முடிவு செய்யாமல் ஹவுசிங்கைத் திறப்பது வீண் வேலை. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது மட்டுமோ விடும்போது மட்டுமோ ஊளைச் சத்தம் எழுந்தால், கிரவுனும் பினியனும் சேரும் இடத்தைச் சந்தேகிக்கலாம். மிதித்தாலும் விட்டாலும் மாறாமல் உறுமினால் அது பேரிங்காக இருக்க வாய்ப்பு அதிகம். வளைவில் திரும்பும்போது மட்டும் சத்தம் வந்தால் டிபரன்ஷியலுக்குள் இருக்கும் சிறு பல்சக்கரங்களையும் சக்கர பேரிங்கையும் பார்க்க வேண்டும். கிளட்சை விட்டதும் கேட்கும் ஒற்றைத் தட்டல், பல நேரங்களில் புரொப்பல்லர் ஷாப்டின் தேய்ந்த ஜாயிண்ட் செய்யும் வேலை. ஆயில் வடிக்கும் காந்தத் திருகில் மாவுபோன்ற கறுப்புப் படிவு இருப்பது இயல்பு. செதில்களோ துணுக்குகளோ வந்தால்தான் கவலை. கெட்டதற்குக் காரணம் ஆயில் குறைந்ததா, பிரீதர் என்ற காற்றுத்துளை அடைத்துக்கொண்டு ஆயில் சீலைத் தள்ளி ஆயிலை ஒழுகவிட்டதா, மிகைபாரமா என்பதையும் அப்போதே கண்டுபிடித்தாக வேண்டும். இல்லையேல் புதிய பல்சக்கரங்களும் அதே வழியில்தான் போகும்.

இனி அளவுக்கு வருகிறேன். கிரவுனும் பினியனும் தொழிற்சாலையிலேயே ஒன்றோடொன்று இழைத்துச் சேர்க்கப்பட்ட ஜோடி என்பதால், ஒன்றை மட்டும் மாற்ற இயலாது. அந்த ஜோடியைப் பொருத்தும்போது பினியன் எவ்வளவு உள்ளே நிற்க வேண்டும் என்பதை ஷிம் என்ற மெல்லிய தகடுகளும், பல்லுக்கும் பல்லுக்கும் இடையிலான தளர்வு இடைவெளியைப் பக்கவாட்டு அட்ஜஸ்டிங் நட்டுகளும் தீர்மானிக்கின்றன. கனரக ஆக்சில்களில் இந்த இடைவெளி பொதுவாக 0.2 முதல் 0.4 மி.மீ. அளவில் இருக்கும், எழுதும் தாள் இரண்டு முதல் நான்கின் கனம், அவ்வளவே. (சரியான எண்ணை அந்த ஆக்சிலின் சர்வீஸ் கையேட்டில்தான் பார்க்க வேண்டும்.) நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜ் இல்லாமல், கையால் ஆட்டிப் பார்த்து இதைச் சொல்லிவிடலாம் என்பவரை நான் நம்ப மாட்டேன். பினியன் பேரிங்கின் இறுக்கமோ இன்னும் நுட்பமானது: நட்டைப் பல நூறு நியூட்டன் மீட்டர் விசையில் முறுக்குகிறோம், ஆனால் அதன்பின் பினியனைச் சுழற்றத் தேவைப்படும் விசை ஒரு சில நியூட்டன் மீட்டருக்குள் அடங்க வேண்டும். இறுக்கம் கூடினால் பேரிங் சூடேறிக் கருகும். குறைந்தால் பாரத்தில் பினியன் நகர்ந்து பல்லைத் தின்னும்.

எல்லாம் முடிந்தபின் பற்களில் சாயம் தடவிச் சுழற்றி, படியும் தடத்தைப் பார்க்க வேண்டும். தடம் பல்லின் அடிப்பக்கம் ஒதுங்கினால் பினியன் அதிகமாக உள்ளே போயிருக்கிறது. நுனியில் ஒதுங்கினால் போதிய அளவு உள்ளே போகவில்லை. பல்லின் நீளவாக்கில் ஒரு முனைக்கு ஒதுங்கினால் பெரும்பாலும் இடைவெளியைத் திருத்த வேண்டும். ஒன்றைத் திருத்தினால் மற்றொன்றும் சற்றே நகரும் என்பதால், இரண்டு மூன்று முறை பிரித்துக் கோப்பது வழக்கமே. நான் செய்த தவறு இங்கேதான் நேர்ந்தது. பழைய ஷிம்மையே புதிய ஜோடிக்கும் போட்டேன். தொடங்குவதற்கு அது பொருத்தமான அளவுதான், ஆனால் சாயத் தடத்தைப் பார்க்காமலேயே மூடிவிட்டேன். ஓட்டத்தில் ஆக்சிலரேட்டரை விடும்போதெல்லாம் வண்டி ஊளையிட்டது. மீண்டும் திறந்து, பினியனிலிருந்து பேரிங்கைச் சுத்தியலால் தட்டிக் கழற்ற முயன்று, அந்தப் புதிய பேரிங்கையும் கெடுத்தேன். வண்டி ஓடாமல் நின்ற நாள்களைக் கணக்கில் சேர்த்தால், கூலியை மிச்சம் பிடித்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

பல் எண்ணிக்கையை மாற்ற நினைப்பவர்களுக்கு ஒரு சொல். 41க்கு 7 என்ற ஜோடியை 37க்கு 6 என்று மாற்றினால் விகிதம் 5.86இலிருந்து 6.17 ஆகும், இழுவை கூடும், அதே வேகத்தில் இன்ஜின் சுமார் 5 சதவீதம் அதிகம் சுழலும், கியர்பாக்ஸிலிருந்து அளவெடுக்கும் வேகமானியும் தவறாகக் காட்டும். இரட்டைப் பின் ஆக்சில் வண்டியில் இரண்டையும் ஒரே விகிதத்தில் வைத்தே தீர வேண்டும்.

என் பரிந்துரை நடுவழி. கழற்றுவதையும் ஹவுசிங்கைக் கழுவிச் சுத்தம் செய்வதையும் மீண்டும் மாட்டுவதையும் உரிமையாளர் செய்யட்டும். பேரிங் மூடிகள் இடம் மாறிவிடாதபடி முன்னதாகவே குறியிட்டுக்கொள்ளட்டும். டிபரன்ஷியல் தொகுதியை மட்டும், பேரிங்கை அழுத்திக் கழற்றி மாட்டும் பிரஸ்ஸும் டயல் கேஜும் வைத்து இந்த வேலையையே செய்யும் பட்டறையில் கொடுத்து அளவு வைத்து வாங்கிக்கொள்ளலாம். வாங்கும்போது சாயத் தடத்தைக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் அந்தப் பட்டறை வேண்டாம். இந்தக் கருவிகள் தம்மிடமே உள்ளவர், கையேட்டை வாசிப்பவர், வண்டி சில நாள் நின்றாலும் தாங்கக்கூடியவர் என்றால் முழு வேலையையும் தாராளமாகத் தாமே செய்யலாம்.

மாட்டியபின் தயாரிப்பாளர் சொன்ன ஆயிலை, பெரும்பாலும் ஜி.எல்-5 என்ற கியர் ஆயில் தரத்தில், உரிய மட்டம் வரை ஊற்றி, முதல் ஓட்டங்களில் பாரமில்லாமல் நிதானமாகச் சென்று, ஹவுசிங்கை ஆறவிட்டு ஓட்ட வேண்டும். “ஒரே நாளில் முடியும்” என்ற வரியைத் தங்கள் நாளிதழ் திருத்தி வெளியிட்டு, அளவு வைப்பதைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரையும் படங்களோடு தர வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு லாரி உரிமையாளர்