பூட்டி வைப்பது சிகிச்சை அல்ல

ஆசிரியருக்கு,

குடிநோயாளியை நாலு நாள் அறையில் பூட்டி வைத்தால் சரியாகிவிடுவார் என்று இன்னமும் பல வீடுகளில் நம்புகிறார்கள். இது பெரிய ஆபத்து. தினமும் அதிகமாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கை நடுக்கத்தோடு போகாது. இரண்டு மூன்று நாளில் வலிப்பு, மனக்குழப்பம் வந்து உயிருக்கே கேடாகலாம். முதல் கட்டம் மருத்துவர் கண்காணிப்பில்தான் நடக்க வேண்டும். அப்புறம்தான் ஆலோசனை எல்லாம். அதற்கு மாதக்கணக்கில் ஆகும். கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தில் சிகிச்சை உண்டு. தனியார் மையம் என்றால், 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி பதிவு செய்திருக்கிறார்களா என்று தயங்காமல் கேளுங்கள். வழி தெரியாதவர்கள் 14446 என்ற கட்டணமில்லா எண்ணில் பேசலாம். இந்த எண்ணை ஒவ்வொரு டாஸ்மாக் கடை வாசலிலும் பெரிதாக எழுதி வைக்க அரசு உத்தரவிட வேண்டும்.

- ஒரு வாசகி, பெரம்பூர், சென்னை