கம்போடியாவுக்குக் கிளம்பும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் இங்கே பர்மாவில், மௌல்மீனில் சுகமாக இருக்கிறோம். கரண்ட் இருக்கும்போது விட்டுவிட்டு எழுதுகிறேன், கோர்வை இல்லாமல் இருந்தால் பொறுத்துக்கொள்.

நீயும் மாப்பிள்ளையும் வேலையை விட்டுவிட்டுக் கம்போடியாவுக்கு ஊழியத்துக்குப் போகிறீர்கள் என்று எழுதியதை அப்பா திரும்பத் திரும்ப வாசித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஜெபக் குறிப்பாகவும் சொல்லிவிட்டார். இப்போதைக்கு யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று நீ கடைசியில் எழுதியிருந்தது அவர் கண்ணில் படவே இல்லை. எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் ஒரு இடம் மட்டும் உறுத்துகிறது. எல்லாவற்றையும் தியாகம் பண்ணிவிட்டு, ஒன்றும் இல்லாத அந்த ஜனங்களுக்குக் கொடுக்கப் போகிறோம் என்று எழுதியிருக்கிறாய். அப்படி நினைத்துக்கொண்டு வந்து இறங்கியவர்களை இங்கே நிறையப் பார்த்துவிட்டேன். நல்லவர்கள்தான், ஆனால் வந்த நாளிலிருந்து யாருக்கு என்ன கொடுக்கலாம் என்றே தேடுவார்கள், பக்கத்து வீட்டுக்காரி ஒரு கிண்ணத்தில் ஏதாவது கொண்டுவந்தால் வாங்கிக்கொள்ளத் தெரியாமல் முழிப்பார்கள்.

நம் வெள்ளாளன்விளைக்காரர் அசரியாவைப் பற்றி ஓய்வுநாள் பள்ளியில் படித்திருப்பாய், முதல் இந்திய ஆங்கிலிக்கன் பிஷப் என்று. பிஷப் ஆவதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1910-இல், எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் பேசினார். அப்போது அவருக்கு 35 வயது. எதிரே உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளைக்காரர்கள். கூட வேலை செய்யும் இந்திய ஊழியர்களிடம் மிஷனரிகள் சிநேகிதமாகப் பழகுவதில்லை என்பதுதான் அவருடைய மனக்குறை. ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தைச் சுட்டெரிக்கவும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று முடித்தார். அவர்களில் சிலருக்குக் கோபம்கூட வந்ததாம், வராமல் இருக்குமா!

அந்தப் பேச்சை நம் ஊரில் பெருமையாகச் சொல்வோம். ஆனால் நீ விமானம் ஏறி இன்னொரு நாட்டில் இறங்கும்போது, அந்தக் கூட்டத்தில் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களின் நாற்காலியில்தான் உட்காரப்போகிறாய். இது எனக்கே இங்கே வந்து வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது. கையில் பாஸ்போர்ட், மாதாமாதம் ஊரிலிருந்து வரும் பணம், நிலைமை மோசமானால் கிளம்பிப்போக ஒரு வீடு. இதெல்லாம் கூட நடக்கிற உள்ளூர் ஊழியக்காரருக்குக் கிடையாது. அதே வெயில், அதே காய்ச்சல், அவர் பெண்சாதி அவலும் கருப்பட்டியும் விற்றுத்தான் குடும்பம் நடத்துகிறாள். அவள் முன்னால் நின்று தியாகம் என்று நான் எப்படிப் பேச முடியும்? அந்த மாதப் பணமும் எப்படி வருகிறது? 1903-இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கத்தை ஆரம்பித்தவர்களில் இதே அசரியாவும் ஒருவர். நம் பக்கத்துப் பெண்கள் உலையில் போடும் முன்னால் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே வைத்து, அதைக் கோயிலுக்குக் கொண்டுவந்து கொடுத்து மிஷனரிகளைத் தாங்கினார்கள். உன் ஆச்சியும் வைத்தாள். உன்னை அனுப்பப்போவதும் அப்படிப்பட்ட கைகள்தான். ஆக, நீ கொடுக்கிறவள் என்ற எண்ணத்துக்கு எந்தப் பக்கம் பார்த்தாலும் இடமில்லை.

பர்மாவில் மிஷனரி என்றாலே அதோனிராம் ஜட்சன் பெயரைத்தான் சொல்வார்கள். 1813-இல் மனைவி ஆனோடு ரங்கூனில் வந்து இறங்கினார். ஆறு வருஷம் ஒரு ஆள்கூட ஞானஸ்நானம் எடுக்கவில்லை. 1819-இல் வழிப்போக்கர் தங்குகிற சாவடி போல ஒன்றைக் கட்டினார், இங்கே ஜயத் என்பார்கள். அதில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரிடம் பேச ஆரம்பித்தார். அந்த வருஷம்தான் மௌங் நௌ என்ற முதல் ஆள் ஞானஸ்நானம் பெற்றார். பெரிய கோபுரம் வைத்துக் கட்டாமல், இந்த ஊர்க்காரன் கூச்சமில்லாமல் ஏறி உட்காரக்கூடிய இடமாகக் கட்டினாரே, அவர் செய்த காரியங்களிலேயே எனக்குப் பிடித்தது இதுதான்.

ஆன் அம்மாவைப் பற்றி இன்னொன்று. ஜட்சன் புத்தகமும் கையுமாக இருக்க, அந்த அம்மா வீட்டுக் காரியத்துக்காகக் கடைக்காரர்களிடமும் வேலைக்காரர்களிடமும் பேசிப் பேசி அவரைவிடச் சரளமாகப் பர்மியம் பேசக் கற்றுக்கொண்டார். நீயும் கெமர் பாஷைக்கு வாத்தியார் வைத்துக்கொள், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் காலையில் நீயே பையை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போ. தப்பாகப் பேசி நாலு பேர் சிரிக்கட்டும், சிரித்தவள்தான் மறுநாள் உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவாள். பர்மியம் போல ராகத்தை மாற்றினால் அர்த்தம் மாறுகிற தொல்லை கெமரில் இல்லை. எழுத்தும் நம் பல்லவர் காலத்து எழுத்திலிருந்து வந்ததுதான், பயப்படாதே.

1824-இல் இங்கிலீஷ்காரர்களோடு யுத்தம் வந்தபோது ஜட்சனை ஆவா நகரத்துச் சிறையில் போட்டார்கள். அந்தச் சிறையில் சாப்பாடு போடமாட்டார்கள், வீட்டிலிருந்துதான் கொண்டுபோக வேண்டும். ஆன் அம்மா பிள்ளைத்தாய்ச்சியாக இருந்துகொண்டு சுமந்தார், பிறகு கைக்குழந்தையோடும். கணவர் பர்மியத்தில் மொழிபெயர்த்துவைத்திருந்த புதிய ஏற்பாட்டுக் கையெழுத்துப் பிரதியைத் தலையணைக்குள் வைத்துத் தைத்துக் கொடுத்தார், கைதிகளை வேறு இடத்துக்குக் கொண்டுபோனபோது அந்தத் தலையணை எங்கேயோ எறியப்பட்டது. அதைக் கண்டெடுத்துக் காப்பாற்றியவர் மௌங் இங் என்ற பர்மியச் சீஷர். பிரசங்கங்களில் தலையணையைச் சொல்வார்கள், மௌங் இங் பெயரைச் சொல்ல மாட்டார்கள். கரேன் என்கிற இங்குள்ள சிறுபான்மை இன ஜனங்களிடத்தில் சுவிசேஷம் பரவியதும் பெரும்பாலும் கோ தா ப்யூ என்பவர் கால்நடையாக நடந்ததால்தான், ஒரு காலத்தில் கொள்ளைக்காரன், கடனுக்கு அடிமையாக இருந்து மீட்கப்பட்டு, 1828-இல் தவாயில் ஞானஸ்நானம் பெற்றவர். நீ போகிற ஊரிலும் இப்படிப்பட்டவர்கள் உனக்கு முன்னாலேயே இருப்பார்கள். முதலில் அவர்களைக் கண்டுபிடி, முடிந்தால் அவர்களுக்குக் கீழே வேலை செய்.

இங்குள்ள தமிழ்ச் சபையே எனக்கு அந்தப் பாடத்தைத்தான் சொல்லித்தந்தது. 1964-இல் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது, 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள், நம் ஜனங்கள் கும்பல் கும்பலாகக் கப்பல் ஏறி மெட்ராஸுக்குப் போனார்கள். 1966-இல் வெளிநாட்டு மிஷனரிகளையும் போகச் சொல்லிவிட்டார்கள். அதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தவர்கள் உண்டு. ஆனால் கச்சின், சின், கரேன் இனத்தாரின் சபைகள் அதற்குப் பிறகும் வளர்ந்தன. இங்கே நிலத்தை விட்டுப்போக மனமில்லாத விவசாயக் குடும்பங்களும், கப்பலுக்கு வழியில்லாதவர்களும் தங்கிவிட்டார்கள். பாதிரியார் இல்லாத ஞாயிறுகளில் யாரோ ஒரு தாத்தா ஞானப்பாட்டுப் புத்தகத்தைத் திறந்து பாட ஆரம்பிப்பாராம். இன்றைக்கு அவர்கள் பேரப்பிள்ளைகள் அதே கீர்த்தனைகளைப் பர்மிய எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு பாடுகிறார்கள். உச்சரிப்பு நமக்குச் சிரிப்பு வரும், ராகம் பிசகாது. நாங்கள் வருவதற்கு முன்பும் இது நடந்தது, நாங்கள் போனாலும் நடக்கும். சீஷராக்குவது என்பது இதற்குத்தானே, நாம் இல்லாமல் போனாலும் நடக்க வேண்டும் என்பதற்கு.

அப்புறம் சேவை என்பதை நாம்தான் கொண்டுபோய் இறக்குமதி பண்ணுவதாகவும் நினைத்துக்கொள்ளாதே. இந்த ஊரில் காலையில் பிக்குகளுக்குச் சோறு போடாமல் அடுப்படியை விட்டு நகராத ஏழைகள் இருக்கிறார்கள். எனக்கு டெங்கு வந்து கிடந்தபோது எதிர்வீட்டுப் புத்தக் குடும்பத்து அக்காதான் கஞ்சி வைத்துக் கொண்டுவந்தாள், என் துணியையும் துவைத்துப் போட்டாள். அதற்கு முன்னால் நான் அவளுக்கு ஏதேதோ கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன், மரியாதையாக வாங்கிக்கொள்வாள், அவ்வளவுதான். நான் படுத்த பிறகுதான் அவள் என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து தன் மகனைப் பற்றி அழுதாள். ஆண்டவர் எழுபது பேரைப் பணப்பை இல்லாமல் அனுப்பி, முன்னால் வைக்கிறதைச் சாப்பிடுங்கள் என்று சொன்னதன் காரணம் எனக்கு அப்போது புரிந்தது.

2025 மார்ச் 28-ஆம் தேதி மண்டலே, சகாயிங் பக்கம் பூமி அதிர்ந்த பிறகு எங்களோடு சிலர் நிவாரணம் கொடுக்க வந்தார்கள். யார் என்று எழுத மாட்டேன். ஒரு அரிசி மூட்டைக்கு ஒரு பேனர், கிழவிகளை வரிசையில் நிற்கவைத்துப் போட்டோ, இன்னும் கொஞ்சம் சிரிக்கச் சொல்லுங்கள் என்று என்னையே மொழிபெயர்க்கச் சொன்னார்கள். நான் சொல்லவில்லை. வீடு இடிந்தவளிடம் அதை எந்த வாயால் சொல்வது? உன் போனில் அப்படி ஒரு படம்கூட இருக்கக் கூடாது. ஆதரவாளர்கள் கேட்பார்கள், கேட்கட்டும்.

பேரன் விஷயம். அவனையும் ஆண்டவர் அழைத்திருக்கிறார் என்று நீ எழுதியிருப்பது எனக்கு ஒப்பவில்லை. அழைப்பு உங்கள் இரண்டு பேருக்கும் வந்தது, அவன் உங்களோடு வருகிறான், அவ்வளவே. இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் சைக்காமியில் ஆன் ஜட்சனின் கல்லறை இருக்கிறது, 36 வயதில் காய்ச்சலில் போய்விட்டார், ஆறே மாதத்தில் இரண்டு வயதுக் குழந்தை மரியாவும் போனாள். அந்தக் குழந்தையிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. உன்னைப் பயமுறுத்தச் சொல்லவில்லை, இப்போது மருந்து இருக்கிறது, ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆனால் அவன் பள்ளிக்கூடம் எது, எந்தப் பாஷையில் படிப்பான், காய்ச்சல் வந்தால் எங்கே கொண்டுபோவது, இதையெல்லாம் கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று விடாமல் இப்போதே விசாரித்துவை. உன் மாமியாரிடம் சொல்லிவிட்டாயா? அவர்களுக்குக் கடைசியாகத் தெரிந்தால் நன்றாக இருக்காது.

மாப்பிள்ளையிடம் ஒன்று சொல். அனுப்புகிறவர்கள் மாத அறிக்கையில் எத்தனை ஆத்துமா சபைக்கு வந்தது என்று ஒரு கட்டம் போட்டிருப்பார்கள். முதல் இரண்டு வருஷம் அந்தக் கட்டத்தை நிரப்ப மாட்டோம், பாஷை மட்டும்தான் படிப்போம் என்று இப்போதே பேசிக்கொள்ளட்டும், போய்ச் சேர்ந்த பிறகு பேசினால் எடுபடாது. ஒத்துக்கொண்டார்களா இல்லையா என்று உடனே எழுது, ஒத்துக்கொள்ளாவிட்டால் அப்பா அவர்களோடு பேசுகிறேன் என்கிறார்.

ஜெபத்துடன்,
அம்மா