அம்மு, நரம்பை மாட்டிடம் படி

அன்புள்ள அம்மு,

எலும்பும் தசையும் எப்படியோ தேறிவிட்டது, நரம்பு மண்டலம் மட்டும் மண்டையில் ஏறமாட்டேன் என்கிறது என்று நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். போனில் பதில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் யாராவது மாட்டுக்கு என்று கூப்பிட்டுவிடுவார்கள், அதனால் எழுதிவிடுகிறேன். உன்னைப் போல கால்நடை மருத்துவ முதலாமாண்டில் திணறுகிற மற்ற பிள்ளைகளுக்கும் உதவட்டும் என்றுதான் பொதுவில் போடுகிறேன்.

உன் மேல் தப்பே இல்லை. ஃபார்மலினில் ஊறிய உடலில் நரம்பும் சவ்வும் ஒரே மாதிரி வெள்ளையாகத்தான் தெரியும். ஒரு நரம்பு எங்கே கிளம்பி எந்த எலும்பைச் சுற்றி எந்தத் தசைக்குப் போகிறது என்று எழுதி மதிப்பெண் வாங்கிவிடலாம், ஆனால் அது கெட்டுப்போனால் மாடு எப்படி நிற்கும் என்பதை சிகிச்சைப் பிரிவுக்குப் போகும்போதுதான் பார்ப்பாய், அதற்குள் படித்ததில் பாதி போயிருக்கும். அதனால் எந்த நரம்பை எடுத்தாலும், இது இல்லாவிட்டால் இந்த விலங்கால் எதைச் செய்ய முடியாது என்று முதலில் கேள். பாதையும் கிளையும் அப்புறம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

நம் வீட்டுக் கட்டுத்தறியிலிருந்தே தொடங்கு. மாட்டின் விலாவில் ஈ உட்கார்ந்ததும் அந்தப் பக்கத்துத் தோல் வெடுக்கென்று சிலிர்க்கும். கால் நகராது, அசைபோடுவதுகூட நிற்காது. தோலுக்கு அடியில் பரந்து கிடக்கிற ஒரு மெல்லிய தசை செய்கிற வேலை அது, நமக்கு முதுகில் அப்படி ஒன்று கிடையாது. ஈ உட்கார்ந்த சேதி அந்த இடத்து நரம்பு வழியாகத் தண்டுவடத்துக்குள் நுழைந்து, அங்கேயே திரும்பிவிடாமல் உள்ளுக்குள்ளேயே முன்னோக்கி ஏறி, கழுத்தும் மார்பும் சேருகிற இடம் வரை போய், அங்கிருந்து பக்கவாட்டு மார்பு நரம்பு வழியாகத் தசைக்குத் திரும்பி வருகிறது. இந்தச் சுற்றுப்பாதைதான் நமக்கு உதவி. முதுகில் அடிபட்டு வந்த நாயின் இடுப்பிலிருந்து ஆரம்பித்து, முதுகெலும்புக்கு இரு பக்கமும் தோலைக் கிள்ளிக்கொண்டே முன்னால் வா. ஓரிடம் வரை ஒன்றும் இருக்காது, அடுத்த கிள்ளலுக்குத் தோல் சிலிர்க்கும். அடி அந்த எல்லைக்குச் சற்று முன்னால் இருக்கிறது என்று அர்த்தம். எக்ஸ்ரே இல்லாத இடத்தில் விரலை வைத்தே இவ்வளவு சொல்லிவிடலாம் என்பது எனக்கு இன்றைக்கும் சந்தோஷம் தருகிற விஷயம்.

நாய் என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது உனக்கு நிச்சயம் வேண்டும். டாஷண்ட் மாதிரி நீள முதுகும் குட்டைக் காலுமான நாய்களுக்கு, மார்பு முள்ளெலும்புகள் முடிந்து இடுப்பு தொடங்குகிற பகுதியில் முள்ளெலும்புகளுக்கு நடுவில் மெத்தை போல இருக்கிற டிஸ்க் பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்தி, பின்னங்கால் இரண்டும் விழுந்துவிடும். கால் விரலைக் கிடுக்கியால் அழுத்துவாய், கால் சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்ளும், உடனே வீட்டுக்காரர்கள் "டாக்டர், உணர்ச்சி வந்துருச்சு" என்று முகம் மலர்வார்கள். நீயும் அவர்களோடு சேர்ந்து சந்தோஷப்பட்டுவிடாதே. காலை இழுத்துக்கொள்ள மூளை வேண்டியதே இல்லை. விரலிலிருந்து போகிற சேதி தண்டுவடத்தின் கடைசிப் பகுதியில் நுழைந்து அங்கேயே திரும்பி வந்துவிடும், மேலே தண்டுவடம் முழுக்க அறுந்திருந்தாலும் அது நடக்கும். அதனால் காலைப் பார்க்காதே, முகத்தைப் பார். அழுத்தும்போது திரும்பிப் பார்க்கிறதா, முனகுகிறதா, கடிக்க வருகிறதா? அப்படியென்றால் வலி மூளை வரை போகிறது, நம்பிக்கையோடு பேசலாம். கால் மட்டும் இழுத்து முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை என்றால், உடனே அறுவை செய்தாலும் பாதிக்குப் பாதிதான் என்று அவர்களிடம் சொல்லவேண்டியிருக்கும். அதைச் சொல்வது கஷ்டம்தான். ஆனால் "சரியாயிடும்" என்று சொல்லி அனுப்பிவிட்டால் அறுவைக்கான நேரம் கைநழுவிப் போகும்.

சரி, மாட்டுக்கு வருவோம். தலை ஈத்துக் கிடேரி, வயிற்றில் கலப்பினப் பெரிய கன்று, நாலு பேர் கயிறு கட்டி இழுத்து எடுத்திருப்பார்கள். கன்று பிழைத்துவிட்டது, தாய் எழவில்லை, எழ முயன்றால் பின்னங்கால் இரண்டும் தவளை போல இரு பக்கமும் அகன்று விரிகிறது. இடுப்புக்கூட்டின் உள்சுவரை ஒட்டியே அப்டுரேட்டர் நரம்பு இறங்குகிறது, தொடைகளை உள்ளே சேர்த்துப் பிடிக்கிற தசைகளுக்கு அதுதான் எஜமான். கன்று அந்த வழியாகத்தானே வந்தது! அந்த நேரத்தில் நசுங்கியிருக்கும். ஆனால் தேர்வில் எழுதுவது போல அப்டுரேட்டரோடு நிறுத்திவிடாதே. அது மட்டும் கெட்டால் சொரசொரப்பான தரையில் மாடு பெரும்பாலும் எப்படியாவது நின்றுவிடும். பின்னங்காலின் பெரிய நரம்பான சயாட்டிக் நரம்புக்குப் போகிற கடைசி இடுப்பு நரம்பின் வேரும் சேர்ந்து நசுங்கினால்தான் எழவே முடியாமல் போகிறது. எதுவானாலும் முதலில் மாட்டை சிமெண்ட் தரையிலிருந்து மணலுக்கோ வைக்கோல் மெத்தைக்கோ மாற்று, பின்னங்கால்கள் விரியாதபடி துணியால் தளர்வாகச் சேர்த்துக் கட்டு, சில மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவை. பல மாடுகள் பிரசவ அடியால் போவதில்லை, கெட்டித் தரையில் ஒரே பக்கமாகக் கிடந்து, தன் எடையே அடிக்காலின் தசையையும் நரம்பையும் நசுக்கித்தான் போகின்றன. இன்னொன்று, கன்று ஈன்ற மாடு விழுந்தால் முதலில் சுண்ணாம்புச் சத்துக் குறைவா என்று பார். காது சில்லிட்டு, தலையை விலாப் பக்கம் மடக்கிக்கொண்டு மந்தமாகக் கிடந்தால் அது பால் காய்ச்சல். நரம்பு நசுங்கிய மாடு காதை ஆட்டிக்கொண்டு தீவனம் தின்னும்.

முன்னங்காலின் ரேடியல் நரம்புக்கும் இதே கதைதான்: ஒருக்களித்து நீண்ட நேரம் படுக்கப்போட்ட மாடு எழுந்ததும் அடிப்பக்க முன்னங்காலின் முழங்கை தொங்கி, குளம்பு மடங்கி நிற்கும். குதிரையை மயக்க மருந்து கொடுத்துப் படுக்கவைக்கும்போது தலைக்கயிற்றின் வளையம் கன்னத்தில் அழுந்தினால் முகநரம்பு போகும், உதடு ஒரு பக்கம் கோணும். இரண்டையும் படித்தவுடனே உன் நோட்டில் படமாக வரைந்து வை.

தண்டுவடம் எங்கே முடிகிறது என்று ஏன் கேட்கிறார்கள் என்றும் கேட்டிருந்தாய். மனிதனுக்கு இடுப்பின் முதல், இரண்டாம் முள்ளெலும்போடு நின்றுவிடும், பசுவுக்கோ இடுப்புக்கும் வாலுக்கும் நடுவிலுள்ள சேக்ரம் எலும்பின் தொடக்கம் வரை வரும். வால் எலும்பு அதற்கு வெகு பின்னால் இருப்பதால் அங்கே பயமில்லாமல் ஊசி போடலாம். மாட்டின் வாலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே மறுகை விரலால் வாலின் அடியைத் தடவு. முதல் வால் எலும்புக்கும் இரண்டாவதுக்கும் நடுவில், ஆட்டும்போது நன்றாக அசைகிற ஒரு பள்ளம் விரலுக்குத் தட்டுப்படும். ஊசி சரியான இடத்துக்குள் போனால், அதன் தலையில் வைத்த மருந்துத் துளியை அதுவே உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். மரத்துப்போகச் செய்கிற 2 சதவீத லிக்னோகைன் 5 மில்லி போதும். சில நிமிடத்தில் வால் துவண்டு தொங்கும், முக்குவது நின்றுவிடும், வெளியே தள்ளிய கருப்பையை நிதானமாக உள்ளே வைக்கலாம், மாடு நின்றபடியே இருக்கும். மருந்து அதிகமானால் முன்னோக்கிப் பரவிப் பின்னங்காலும் விழுந்துவிடும், அதனால் அளவில் விளையாட்டு வேண்டாம்.

உங்கள் அம்மா கன்றை ஊட்டவிட்டு, மடியைக் கழுவி, கொஞ்சம் பொறுத்துத்தான் கறப்பார், இல்லையா? அதுவும் நரம்புப் பாடம்தான். காம்பைத் தொட்ட சேதி நரம்பு வழியாக மூளைக்குப் போகிறது, ஆனால் பதில் நரம்பு வழியாக வருவதில்லை, மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து பாலை இறக்குகிற ஆக்ஸிடோசின் ஹார்மோன் ரத்தத்தில் கலந்து மடிக்கு வர ஒரு நிமிடம் பிடிக்கிறது. அதன் வேகம் சில நிமிடங்களே நிற்கும். நடுவில் நாய் குரைத்தாலோ, யாராவது அடித்தாலோ பயத்தில் சுரக்கிற அட்ரினலின் ஏறி மாடு சுரப்பு விடாது. அதைத்தான் மாடு பாலை ஒளித்துக்கொண்டது என்கிறார்கள், மாடு பயந்திருக்கிறது, அவ்வளவுதான். அதற்கு ஊசி தேடுவதைவிட பயத்தைப் போக்குவதுதான் மருத்துவம்.

கடைசியாக 9ஆம், 10ஆம் மூளை நரம்புகள். விழுங்குவதும் குரல் எழுப்புவதும் இவற்றால்தான். இவை படுத்துவிட்டால் மாடு தண்ணீரைக்கூட விழுங்காது, எச்சில் கொட்டும், குரல் கம்மும். பார்ப்பவர்கள் தொண்டையில் மாங்கொட்டை சிக்கிவிட்டது என்று கூட்டி வருவார்கள், உன் கை தானாக அதன் வாய்க்குள் போகும். போடாதே! வெறிநாய்க்கடி மாட்டில் இப்படியும்தான் வரும். வைரஸ் கடித்த இடத்திலிருந்து நரம்பு வழியாகவே மூளைக்கு ஏறி, அங்கிருந்து நரம்பு வழியாகவே உமிழ்நீர்ச் சுரப்பிக்கு இறங்குகிறது. கடி பட்டு வாரங்கள், சில சமயம் மாதங்கள்கூட ஆகியிருக்கும், காயமே ஆறியிருக்கும். இந்தப் பக்கம் வெறிநாய் சுற்றியதா என்று கேட்டுவிட்டு, கையுறை மாட்டிக்கொண்டு அப்புறம் கிட்டப் போ.

பொங்கல் விடுமுறையில் என்னோடு ஊர் ஊராக வருகிறேன் என்றாயே, தாராளமாக வா. அதற்கு முன் வெறிநோய் முன்தடுப்பு ஊசியை முழுசாகப் போட்டு முடித்துவிடு. போட்ட சீட்டைக் காட்டினால்தான் வண்டியில் ஏற்றுவேன்.

அன்புடன்,
சித்தப்பா